பாடுவது இப்போது, கேட்பது பிறகு: வீட்டு ஒலிப்பதிவில் தாமதம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் வீட்டுப் பின்னறைதான் ஸ்டூடியோ. உருமி மேளப் பிள்ளைகள், கோயில் பஜனைக் குழு, ராப் எழுதும் தம்பிமார் என்று வார இறுதியில் யாராவது வந்துவிடுவார்கள். யார் வந்தாலும் கடைசியில் பேச்சு "லேட்டா கேக்குது அண்ணே" என்பதில் வந்து நிற்கும். வாட்ஸ்அப்பில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டித் தட்டி விரல் தேய்ந்துவிட்டதால் மொத்தமாக இங்கே எழுதிவைக்கிறேன். வேறு மாதிரி சொல்லாத இடங்களில் எல்லாக் கணக்கும் 48,000 சாம்பிள் ரேட்டுக்கு, அதாவது ஒலியை வினாடிக்கு 48,000 முறை அளந்து எண்ணாக்கும் வேகத்துக்கு.

நான் பாடுறது ஹெட்போன்ல கொஞ்சம் பிந்திக் கேக்குது. மைக் பழுதா?

மைக் பாவம், அதை விடுங்கள். உங்கள் குரல் மைக்கிலிருந்து இன்டர்ஃபேஸுக்கு (மைக்கையும் கணினியையும் இணைக்கும் பெட்டி) போய் எண்களாகிறது, யூ.எஸ்.பி. வழியாகக் கணினிக்குள் நுழைகிறது, ரெக்கார்டிங் செயலி அதை வாங்கித் திருப்பி அனுப்புகிறது, மறுபடி மின்சாரமாகி ஹெட்போனுக்கு வருகிறது. இந்தச் சுற்றுக்குப் பிடிக்கும் நேரம்தான் லேட்டன்சி.

ஆனால் "லேட்டா இருக்கு" என்று சொல்கிறவர்கள் எல்லோரும் ஒரே நோயைச் சொல்வதில்லை. நான் முதலில் கேட்பது இதைத்தான்: பாடிக்கொண்டிருக்கும்போதே காதில் பிந்துகிறதா? அல்லது பாடும்போது நன்றாக இருந்து, பதிவானதைப் போட்டுக் கேட்டால் தாளத்தைவிட்டுத் தள்ளி நிற்கிறதா? அல்லது முதல் சரணத்தில் சரியாக இருந்து கடைசிச் சரணத்தில் விலகிப் போகிறதா? மூன்றுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. முதலாவதற்கு பஃபரும் டைரக்ட் மானிட்டரும். இரண்டாவதற்கு ஓர் எண்ணைச் சரிசெய்தால் போதும். மூன்றாவது லேட்டன்சியே இல்லை, இரண்டு கடிகாரங்களின் சண்டை. இதைப் பிரித்துப் பார்க்காமல் ஈப்போவுக்குப் போய்ச் சில நூறு வெள்ளிக்கு (ரிங்கிட்) புது இன்டர்ஃபேஸ் வாங்கி வந்து, அதே குறையோடு என் வாசலில் நின்றவர்கள் உண்டு.

பஃபர்னா என்ன? அதை ஏன் மாத்தணும்?

என் அம்மா பால்மரம் (ரப்பர்) சீவியவர், அதனால் எனக்கு இது மங்கு (கிண்ணம்) கணக்காகத்தான் புரிந்தது. மரத்திலிருந்து சொட்டும் பாலை மங்கு பிடித்துவைக்கிறது. சீவியவர் சுற்றி வந்து ஒவ்வொரு மங்கையும் வாளியில் ஊற்றுகிறார். மங்கு சின்னதாக இருந்தால் சீக்கிரம் நிரம்பும், அடிக்கடி ஓடிவர வேண்டும், ஒரு சுற்று பிந்தினாலும் பால் மண்ணில். பெரிய மங்கு என்றால் நிதானமாக வரலாம், ஆனால் பால் ஸ்டோருக்குப் போய்ச் சேர நேரமாகும்.

பஃபர்தான் அந்த மங்கு. ஓடிவருவது உங்கள் கணினியின் பிராசசர். மண்ணில் கொட்டும் பால்தான் ஹெட்போனில் கேட்கும் 'டப்', 'படபட' சத்தம்.

கணக்கு எளிது. பஃபர் எண்ணைச் சாம்பிள் ரேட்டால் வகுத்தால் வினாடி வரும். 64 என்றால் 1.3 மில்லிவினாடி, 128 என்றால் 2.7, 256 என்றால் 5.3, 512 என்றால் 10.7, 1024 என்றால் 21.3. ஆனால் இது ஒரு வழிக் கட்டணம். உள்ளே வர ஒரு பஃபர், வெளியே போக ஒரு பஃபர். அதோடு இன்டர்ஃபேஸின் மாற்றிகள் எடுக்கும் நேரம், டிரைவர் (கருவியைக் கணினியோடு பேசவைக்கும் மென்பொருள்) பாதுகாப்புக்காகப் பிடித்துவைக்கும் கொஞ்சம் எல்லாம் சேரும். அதனால் 128 போட்டவர் காதில் 2.7 கேட்பதில்லை, சுமார் 7 முதல் 10 வரை கேட்கும்.

எத்தனை மில்லிவினாடி வரைக்கும் தாங்கலாம்?

நம் வெயிலுக்கு ஒலி வினாடிக்குச் சுமார் 350 மீட்டர் போகிறது. அதாவது 1 மில்லிவினாடிக்கு 35 சென்டிமீட்டர். திருவிழாவில் உருமி மேளம் வரிசையாக நிற்கும்போது முன்னால் இருப்பவருக்கும் கடைசி ஆளுக்கும் 7 மீட்டர் இடைவெளி என்று வையுங்கள். முன்னவர் அடி பின்னவர் காதுக்குப் போக 20 மில்லிவினாடி. அவர்கள் தாளம் தப்புவதில்லை. கண்ணால் பார்த்து, உடம்பால் பிடித்து அடிக்கிறார்கள். ஆகவே 3, 4 மில்லிவினாடிக்காகத் தூக்கம் கெட வேண்டியதில்லை. கீபோர்டு, கித்தார், தாளக் கருவி வாசிப்பவர்களில் பலருக்கு 10 வரை உறுத்தாது.

பாடகர் மட்டும் விதிவிலக்கு. அவருடைய குரல் அவருக்கு மண்டை ஓட்டு எலும்பு வழியாக உடனே கேட்டுவிடும். ஹெட்போனில் அதே குரல் சில மில்லிவினாடி பிந்தி வரும்போது இரண்டும் கலந்து சில அலைவரிசைகளில் ஒன்றையொன்று தின்றுவிடும். அவர் "லேட்டு" என்று சொல்லமாட்டார். "குரல் டப்பாவுக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கு, மைக் சரியில்ல" என்பார். மைக் மாற்றியும் தீராது.

விண்டோஸ்ல எந்த டிரைவர் தேர்ந்தெடுக்கணும்?

உங்கள் இன்டர்ஃபேஸ் செய்த நிறுவனமே தரும் ஏசியோ டிரைவர். ஏசியோவை ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1997இல் கொண்டுவந்தது. விண்டோஸின் பொதுப் பாதை, யூடியூப் சத்தம், வாட்ஸ்அப் 'டிங்' எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து அனுப்புவதற்காக அமைந்தது. ஏசியோ அந்தக் கூட்டத்தைத் தாண்டி நேராகக் கருவியோடு பேசும். இன்டர்ஃபேஸே இல்லாதவர்கள் 'ஏசியோ ஃபோர் ஆல்' போட்டுச் சமாளிக்கலாம். ஆனால் அது விண்டோஸ் டிரைவரின் மேல் போர்த்திய ஒரு போர்வைதான், உண்மையான ஏசியோ டிரைவருக்கு ஈடு என்று நினைத்துவிடாதீர்கள்.

நான் பயன்படுத்தும் ரெக்கார்டிங் செயலியான ரீப்பரில் ஆப்ஷன்ஸ், ப்ரிஃபரன்சஸ், ஆடியோ, டிவைஸ் என்று போய் ஏசியோவைத் தேர்ந்தெடுங்கள். பஃபரை அதே பக்கத்திலுள்ள ஏசியோ கான்ஃபிகரேஷன் பொத்தானை அழுத்தி மாற்றுங்கள். திரையின் மேல் வலது மூலையில் உள்ளே, வெளியே என்று இரண்டு மில்லிவினாடி எண்கள் தெரியும். இரண்டையும் கூட்டிப் பார்ப்பது நல்ல பழக்கம். மேக் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை, கோர் ஆடியோ அதிலேயே இருக்கிறது.

பஃபர 64க்குக் குறைச்சேன். படபடன்னு சத்தம் வருது.

மங்கு வழிகிறது. 128க்கு ஏற்றுங்கள். அதுவும் ஆகவில்லை என்றால் 256. இதில் கௌரவப் பிரச்சினை எதுவும் இல்லை. 64இல் பாடியவர் பாட்டு 256இல் பாடியவர் பாட்டைவிட நன்றாக இருக்காது. பஃபர் எண்ணுக்கும் ஒலித் தரத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் பதிவாகும்போது விழுந்த 'டப்' பதிவிலேயே தங்கிவிடும், பிறகு அதைச் சுரண்டி எடுப்பது பெரும்பாடு.

ஏற்றுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை சில. மடிக்கணினி சார்ஜரில் இருக்கிறதா, பவர் சிக்கன முறை அணைந்திருக்கிறதா? வைஃபையை அணைத்துப் பார்த்தீர்களா? வைஃபை டிரைவர் நொடிக்கு நொடி பிராசசரைத் தட்டி எழுப்புவது அடிக்கடி அகப்படும் குற்றவாளி. லேட்டன்சிமான் என்ற சின்னச் செயலியைப் பத்து நிமிடம் ஓடவிட்டால் எந்த டிரைவர் குறுக்கே நிற்கிறது என்று காட்டும். இன்டர்ஃபேஸ், யூ.எஸ்.பி. ஹப்பில் தம்ப்டிரைவோடும் மௌஸோடும் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிறதா? நேராக மடிக்கணினியில் செருகுங்கள்.

அடுத்தது நம் ஊருக்கே உரிய தொல்லை, சூடு. தகரக் கூரைக்குக் கீழே மதியம் மூன்று மணிக்கு, சத்தம் பதியும் என்று சீலிங் ஃபேனையும் நிறுத்திவிட்டு, மடிக்கணினியை மெத்தைமேல் வைத்தால் அது மூச்சுவிட எங்கே போகும்? சூடேறிய பிராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும். காலையில் 128இல் நன்றாக ஓடிய அதே பாட்டு மதியம் படபடக்கும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாதம் ஆனது. அதுவரை டிரைவரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். இப்போது அடியில் இரண்டு மரக்கட்டை வைத்துத் தூக்கி வைக்கிறேன், குரல் பதிவை இரவு ஒன்பதுக்கு மேல் வைத்துக்கொள்கிறேன்.

இன்டர்ஃபேஸ்ல 'டைரக்ட் மானிட்டர்'னு ஒரு பொத்தான் இருக்கே, அது எதுக்கு?

அதற்காகத்தான் நீங்கள் காசு கொடுத்தீர்கள், பலர் அதைத் தொடுவதே இல்லை. அதை அழுத்தினால் உங்கள் குரல் கணினிக்குள் போய்ச் சுற்றாமல் இன்டர்ஃபேஸிலிருந்தே ஹெட்போனுக்கு வந்துவிடும். பஃபர் 1024 இருந்தாலும் கவலை இல்லை. பின்னணி இசை கணினியிலிருந்து வரும், குரல் நேராக வரும்.

பஃபரைக் குறைக்கக் குறைக்கப் போராடுவதைவிட இந்தப் பொத்தானை அழுத்துவதே நல்லது என்பது என் கட்சி. பழைய மடிக்கணினி வைத்திருப்பவர்களுக்கு இதைவிட்டால் வேறு வழியும் இல்லை.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். டைரக்ட் மானிட்டரைப் போட்டால், செயலியில் அந்த டிராக்கின் மானிட்டரை அணைக்க வேண்டும். ரீப்பரில் டிராக்கிலுள்ள சின்ன ஸ்பீக்கர் படம்தான் அது. இரண்டும் திறந்திருந்தால் உங்கள் குரல் இரண்டு முறை கேட்கும், நேராக ஒன்று, பிந்தி ஒன்று. ஒரு தடவை பஜனைக் குழுவுக்கு இப்படி இரண்டையும் திறந்துவைத்து, "அம்மா, உங்க குரல் இன்னிக்கி கொஞ்சம் கட்டியிருக்கு போல" என்று நான் சொல்ல, அந்த அம்மா வெந்நீர் குடித்துவிட்டு வந்து மறுபடி பாடினார். அவரிடம் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை.

டைரக்ட் மானிட்டர்ல குரல் வறட்சியா இருக்கு, எக்கோ இல்லாம பாட வரலன்னு சொல்றாங்க.

நியாயமான குறை, எளிய வழி உண்டு. குரல் நேராக வரட்டும். செயலியில் ரிவர்ப் என்னும் எக்கோ விளைவைத் தனி டிராக்கில் வைத்து, குரலை அதற்கு அனுப்புங்கள். அந்த ரிவர்ப்பில் காய்ந்த ஒலியை ('டிரை', எக்கோ சேராத குரல்) பூஜ்யமாக்கி ஈர ஒலியை ('வெட்', எக்கோ) மட்டும் விடுங்கள். இதற்கு மட்டும் குரல் டிராக்கின் மானிட்டர் திறந்திருக்க வேண்டும், ஆனால் அதன் நேரடி ஒலி மாஸ்டருக்கு (எல்லா டிராக்கும் கலந்து வெளியே போகும் இடம்) போகக் கூடாது. இப்போது கணினியிலிருந்து பிந்தி வருவது எக்கோ மட்டுமே. எக்கோ என்றாலே பிந்தி வருவதுதானே? கோயில் மண்டபத்தில் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலிக்கும் அந்தத் தாமதம் உண்டு. பாடுகிறவருக்குச் சந்தேகமே வராது.

மிக்ஸ் பண்ணும்போது என்ன வைக்கணும்?

1024. அதற்கு மேல் இருந்தாலும் வையுங்கள். அப்போது யாரும் பாடவில்லை. பிளே அழுத்தி 20 மில்லிவினாடி கழித்துப் பாட்டு தொடங்கினால் யாருக்கு நட்டம்? பிராசசர் நிம்மதியாக மூச்சுவிடும், நிறைய பிளக்-இன் (செயலிக்குள் சேர்க்கும் ஒலிக் கருவி) போடலாம். பதிவுக்கு ஓர் எண், மிக்ஸுக்கு ஓர் எண், மாற்றிக்கொண்டே இருப்பதுதான் முறை. ஒரே எண்ணைத் தேடி அலைகிறவர்கள்தான் அதிகம் கஷ்டப்படுகிறார்கள்.

வம்பு எப்போது வருமென்றால், மிக்ஸ் முக்கால்வாசி முடிந்த பிறகு "அண்ணே, ரெண்டாவது சரணத்துல ஒரு வரி மாத்திப் பாடணும்" என்று தம்பி வந்து நிற்கும்போது. பஃபரை 128க்குக் குறைத்தாலும் குரல் பிந்திக் கேட்கும். ஏனென்றால் சில பிளக்-இன்கள் தாங்களே நேரம் எடுப்பவை. லீனியர் ஃபேஸ் ஈக்யூ, முன்கூட்டிப் பார்த்து அடக்கும் லிமிட்டர், சத்தம் நீக்கும் பிளக்-இன் எல்லாம் அந்த ரகம். செயலி மற்ற டிராக்குகளையும் அதற்கேற்ப நிறுத்திவைத்து எல்லாவற்றையும் ஒன்றாக விடுகிறது. கேட்கும்போது நல்லது, பாடும்போது வினை. மாஸ்டரில் அப்படி ஒன்று இருந்தால் பஃபரை 32 ஆக்கினாலும் பயனில்லை.

மற்ற ரெக்கார்டிங் செயலிகளில், கியூபேஸில் 'கன்ஸ்ட்ரெயின் டிலே காம்பென்சேஷன்', லாஜிக்கில் 'லோ லேட்டன்சி மோட்', ஏபிள்டன் லைவில் 'ரெடியூஸ்ட் லேட்டன்சி வென் மானிட்டரிங்' என்று இதற்கே வசதிகள் உண்டு. நான் செய்வது அதைவிடப் பாமர வழி. அதுவரை செய்த மிக்ஸை ஒரே ஸ்டீரியோ கோப்பாக எடுத்து, புது புராஜெக்டில் பாட்டின் பூஜ்யத்திலிருந்து வைத்து, அதன்மேல் குரலைப் பதிந்து, அந்தக் குரலைப் பழைய புராஜெக்டுக்குக் கொண்டுபோகிறேன். இரண்டு புராஜெக்டுக்கும் சாம்பிள் ரேட் ஒன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். பிளக்-இன் எதுவும் இல்லாததால் பழைய மடிக்கணினிகூட 64இல் ஓடும்.

ஆட்டோடியூன் போட்டுக்கிட்டே பாடணும்.

ராப் தம்பிமார் எல்லோரும் கேட்பது. சுருதியைத் தானாகத் திருத்தும் அந்த பிளக்-இன், சுருதியைக் கண்டுபிடிக்கக் குரலைக் கொஞ்ச நேரம் கேட்டாக வேண்டும், அதனால் தாமதம் அதன் பிறவிக் குணம். பலவற்றில் குறைந்த தாமத முறை உண்டு, பாடும்போது அதைப் போடுங்கள். இந்த ஒரு வேலைக்கு டைரக்ட் மானிட்டர் உதவாது, பஃபரைக் குறைத்தே தீரவேண்டும். குரலைச் சாதாரணமாகவே பதியுங்கள், டியூன் காதுக்கு மட்டும் போகட்டும். நாளைக்கு மனம் மாறினால் திரும்ப வழி இருக்கும்.

புளூடூத் ஹெட்போன் போதாதா?

போதாது. சாதாரண புளூடூத் 150, 200 மில்லிவினாடி பிந்தும். 200 அளவில் தன் குரலையே பிந்திக் கேட்டால் பேசத் தெரிந்தவனுக்கும் நாக்கு குழறும், இது சோதித்து நிறுவப்பட்ட விஷயம். வயர் வைத்த ஹெட்போன், எவ்வளவு மலிவானாலும் சரி.

பாடும்போது சரியாத்தான் இருந்துச்சு. ப்ளே பண்ணா தாளத்துக்குப் பின்னால நிக்குது.

இது இரண்டாவது நோய். செயலி, "இந்தக் குரல் இவ்வளவு பிந்தி வந்தது" என்று டிரைவர் சொல்லும் எண்ணை நம்பிப் பதிவை முன்னால் இழுத்துவைக்கிறது. டிரைவர் சொன்ன எண் தவறாக இருந்தால் பதிவு தவறான இடத்தில் உட்காரும். பாடகரைக் குறை சொல்வதற்கு முன்னால் அளந்து பாருங்கள்.

ஒரு கேபிள் எடுத்து இன்டர்ஃபேஸின் வெளியீடு ஒன்றிலிருந்து உள்ளீடு இரண்டுக்குச் செருகுங்கள். டைரக்ட் மானிட்டரையும் டிராக் மானிட்டரையும் அணையுங்கள், இல்லையென்றால் ஊளையிடும். மைக்குக்கு மின்சாரம் தரும் 48 வோல்ட் பொத்தானும் அணைந்திருக்கட்டும். ஒலியளவைக் கீழே வையுங்கள். ஒரு டிராக்கில் 'டிக்' சத்தம் ஒன்றை வைத்து பிளே செய்துகொண்டே இன்னொரு டிராக்கில் பதியுங்கள். இரண்டு அலை உருவங்களையும் பெரிதாக்கிப் பாருங்கள். ஒன்றின் கீழ் ஒன்று நேராக நின்றால் எந்தக் குறையும் இல்லை. 96 சாம்பிள் பின்னால் நின்றால் 2 மில்லிவினாடி, அதை விட்டுவிடலாம். 960 பின்னால் நின்றால் 20 மில்லிவினாடி, அதைத் திருத்த வேண்டும்.

ரீப்பரில் ப்ரிஃபரன்சஸ், ஆடியோ, ரெக்கார்டிங் பக்கத்தில் மேனுவல் ஆஃப்செட் என்று இடம் உண்டு. ஏபிள்டனில் 'டிரைவர் எரர் காம்பென்சேஷன்'. எண்ணைப் போட்டு மறுபடி சோதியுங்கள். தள்ளல் இரட்டிப்பானால் கூட்டல் கழித்தல் குறி மாறிவிட்டது என்று பொருள். ஆடாசிட்டி செயலியில் இந்த இடத்தில் முன்னிருப்பாகவே மைனஸ் 130 மில்லிவினாடி இருக்கும். அது ஒரு பொதுவான ஊகம்தான், உங்கள் கருவிக்கு அளந்து மாற்றிக்கொள்ளுங்கள்.

பஃபரையோ சாம்பிள் ரேட்டையோ மாற்றினால் ஒருமுறை மறுபடி சோதிப்பது நல்லது.

ஆரம்பத்துல சரி, பாட்டு முடியறப்போ விலகிப் போகுது.

யூ.எஸ்.பி. மைக்கில் பதிந்து, மடிக்கணினியின் சொந்த ஹெட்போன் துளையில் கேட்கிறீர்களா? அல்லது கைப்பேசியில் பதிந்த மேளத்தைக் கொண்டுவந்து சேர்த்தீர்களா? ஒவ்வொரு கருவிக்கும் தன் கடிகாரம் உண்டு, இரண்டு கடிகாரம் ஒரே மாதிரி ஓடாது. பத்து லட்சத்தில் 20 பங்கு வித்தியாசம் இருந்தால்கூட 10 நிமிடத்தில் 12 மில்லிவினாடி விலகும். எந்த பஃபரும் இதைத் தீர்க்காது. உள்ளீடு, வெளியீடு இரண்டுக்கும் ஒரே கருவியைப் பயன்படுத்துங்கள். கைப்பேசிப் பதிவென்றால் தொடக்கத்தில் ஒரு கைதட்டல், முடிவில் ஒரு கைதட்டல் பதிந்துகொள்ளுங்கள். இரண்டு தட்டலையும் பொருத்தும்படி கோப்பைக் கொஞ்சம் இழுத்தோ சுருக்கியோ விடலாம்.

விலகல் பிரமாண்டமாக இருந்து, குரலும் கீச்சென்று ஆகிவிட்டதா? அது சாம்பிள் ரேட் குழப்பம். 44,100இல் பதிந்ததை 48,000இல் ஓடவிட்டால் கிட்டத்தட்ட 9 சதவீதம் வேகமாக ஓடும், சுருதி ஏறத்தாழ ஒன்றரை செமிடோன் (அரைஸ்வரம்) அளவு ஏறிவிடும்.

96,000 வச்சா லேட்டன்சி பாதியாகுமாமே?

ஆகும். வேலையும் இரட்டிப்பாகும், அதனால் பஃபரையும் இரட்டிப்பாக்க வேண்டிவரும். பிறகு எங்கே லாபம்?

மிடி கீபோர்டு?

மிடி கீபோர்டிலிருந்து ஒலி உள்ளே வருவதில்லை, எந்தக் கட்டையை அழுத்தினீர்கள் என்ற செய்திதான் வருகிறது. அதனால் வெளியீட்டு பஃபர் மட்டுமே கணக்கு. பழைய வட்டப் பிளக் மிடி வயர் வினாடிக்கு 31,250 பிட் வேகம், ஒரு ஸ்வரச் செய்திக்கு ஏறக்குறைய 1 மில்லிவினாடி. 128 அல்லது 256இல் தாராளமாக வாசிக்கலாம். டைரக்ட் மானிட்டர் இங்கே பயன்படாது.

நான் சுங்கை சிப்புட், கித்தாரிஸ்ட் ஜொகூர். வீடியோ கால்ல சேர்ந்து வாசிக்கலாமா?

வீடியோ கால் செயலியில் வேண்டாம். கண்ணாடி இழையில் 1,000 கிலோமீட்டருக்கு 5 மில்லிவினாடிதான், தூரம் குற்றவாளி இல்லை. வைஃபையும் செயலி சேர்த்துவைக்கும் பஃபரும்தான் தின்கின்றன. ஜாமுலஸ் என்ற இலவசச் செயலி இதற்கென்றே உள்ளது. இரு பக்கமும் வயர் இணைப்பு இருந்தால் முயன்று பார்க்கலாம். பாட்டு முடிய வேண்டும் என்றால் கோப்பை அனுப்பி வாங்குங்கள்.

மழை நேரத்துல ரெக்கார்ட் பண்ணலாமா?

இது தாமதக் கேள்வி இல்லை, ஆனால் நம் ஊரில் கேட்காதவர் இல்லை. தகரக் கூரையில் மழை விழுந்தால் மைக் மழையைத்தான் பதியும். மின்னலைப் பார்த்து இடி கேட்கும்வரை எண்ணுங்கள், மூன்று வினாடிக்கு ஏறத்தாழ 1 கிலோமீட்டர். ஆனால் அது அவ்வளவு அருகே வரும்வரை காத்திருக்காதீர்கள், இடி தூரத்தில் கேட்கும்போதே புராஜெக்டைச் சேமித்து, இன்டர்ஃபேஸையும் மடிக்கணினி சார்ஜரையும் சுவரிலிருந்து பிடுங்குங்கள். இணையப் பெட்டியின் பிளக்கையும் சேர்த்து.